சொல் குறைந்த உயிர்களுக்கு ஒரு குரல்

கிறிஸ் சாண்டர்ஸ் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு முகம் நினைவுக்கு வராது, குரல்தான் வரும். தொண்டையின் அடியிலிருந்து கரகரத்து எழுந்து, சொல்லைப் பாதியில் கடித்து விழுங்கிவிடும் ஸ்டிட்ச்சின் குரல். நீல உடம்பு, பெரிய காதுகள், வேண்டும்போது மட்டும் வெளியே வரும் இன்னொரு ஜோடி கைகள். எங்கோ ஒரு வேற்றுலக ஆய்வுக்கூடத்தில் நாசம் செய்வதற்கென்றே உருவாக்கப்பட்ட பிராணி. 2002 ஜூனில் வெளிவந்த ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ படத்தில் அந்தப் பிராணியைக் கற்பனை செய்தவர், வரைந்தவர், டீன் டெப்லுவாவோடு சேர்ந்து எழுதி இயக்கியவர், கடைசியில் அதற்காகப் பேசியவர், எல்லாம் சாண்டர்ஸ்தான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது இயக்குநர் பெயரும் ஸ்டிட்ச்சுக்குக் குரல் கொடுத்தவர் பெயரும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து, டிவிடியைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். அப்போது சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் இன்பிட்வீனராக வேலை. மூத்தவர்கள் வரைந்த இரண்டு கீ படங்களுக்கு நடுவே வரவேண்டிய படங்களை நிரப்புவோம். லைட் பாக்ஸ் வெளிச்சம் கண்ணைக் கூசும். பெக் பாரில் தாளை மாட்டி, ஐந்து விரல்களுக்கு நடுவே ஐந்து தாள்களைப் பிடித்துப் புரட்டிப் புரட்டி அசைவைச் சரிபார்ப்போம். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொடர்களின் வேலை. ஒவ்வொரு ஷாட்டோடும் எக்ஸ்-ஷீட் என்ற நீளத் தாள் ஒன்று வரும். ஒரு வினாடிக்கு 24 கட்டம். எந்தக் கட்டத்தில் பாத்திரத்தின் வாய் எந்த ஒலியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அதில் குறித்திருக்கும். உதடு மூடியிருக்க வேண்டிய கட்டம், பல் தெரிய வேண்டிய கட்டம், வாய் முழுசாகத் திறக்க வேண்டிய கட்டம். நாங்கள் கேட்டிராத யாரோ ஒருவருடைய குரலை அந்தக் கட்டங்கள் வழியாகத்தான் தெரிந்துகொண்டோம்.

நம் ஊர் டப்பிங் தியேட்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அங்கே திரையில் வாய் அசைகிறது. குரல் அதைத் துரத்திப் பிடிக்கிறது. அமெரிக்க அனிமேஷனில் குரல்தான் முதலில். நடிகர் பேசி முடித்த பிறகே வாய் வரையப்படும். அவர் மூச்சு வாங்கிய இடம், நாக்கு புரண்ட இடம், சிரிப்பை அடக்கிய இடம் எல்லாம் வரைகிறவரின் பென்சிலுக்குள் வந்துவிடும். எங்கள் ஸ்டூடியோவில் ஒரு மூத்தவர் இருந்தார். இளைஞர்கள் வரைந்த பாத்திரத்தைக் கையில் எடுத்தால் முதலில் ஒன்றுதான் கேட்பார்: “நல்லாருக்கு தம்பி, இது எப்படிப் பேசும்? பேசிக் காட்டு.” வெட்கப்பட்டு நிற்பவனை விடமாட்டார். “சும்மா உறுமேன். உறுமத் தெரியாதா?” என்பார். அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது சாண்டர்ஸின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான்.

சாண்டர்ஸ் 1962-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் அனிமேஷன் படித்து 1984-இல் வெளியே வந்தார். முதலில் மார்வெல் நிறுவனத்தில் ‘மப்பெட் பேபிஸ்’ தொடருக்குப் பாத்திரங்கள் வரைந்தார். அந்தக் காலத்தில், 1985 வாக்கில், குழந்தைகளுக்கான ஒரு புத்தகம் செய்ய நினைத்தார். காட்டில் வாழும் ஒரு விநோதப் பிராணி. மற்ற மிருகங்கள் எதுவும் அதை அண்டவிடுவதில்லை. புத்தகம் வெளிவரவில்லை. அந்தப் பிராணியைச் சாண்டர்ஸ் கைவிடவும் இல்லை. 1987-இல் டிஸ்னிக்குப் போய், ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’டிலும் ‘தி லயன் கிங்’கிலும் கதைப் பிரிவில் உழைத்து, மற்றவர்களின் படங்களுக்காகப் பல ஆண்டுகள் வரைந்துகொண்டிருந்த காலமெல்லாம் அது அவருக்குள் இருந்தது.

கதைப் பிரிவு என்றதும் எழுத்து மேசையை நினைத்துவிடக் கூடாது. அங்கே கதை சொல்வது என்றால் நின்றுகொண்டு சொல்வது. ஸ்டோரிபோர்டு ஆர்ட்டிஸ்ட் தான் வரைந்த நூற்றுக்கணக்கான சிறு படங்களைப் பலகையில் குத்திவைத்து, ஒரு கோலால் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே, கூடியிருப்பவர்கள் முன் எல்லாப் பாத்திரங்களாகவும் பேசி நடிக்க வேண்டும். இதைப் ‘பிட்ச்’ என்பார்கள். அரக்கனாக உறுமி, அடுத்த நொடி ஆறு வயதுச் சிறுமியாகச் சிணுங்க வேண்டும். பிறகு அந்தப் படங்களை வரிசைப்படுத்தி ஒரு கச்சா படம் தயாரிப்பார்கள். அதற்கு ஸ்டூடியோவில் கையில் கிடைத்தவர்களே தற்காலிகமாகக் குரல் கொடுப்பார்கள். அதுதான் ஸ்கிராட்ச் டிராக். நட்சத்திர நடிகர் வந்ததும் அது அழிக்கப்படும். சில சமயம் அழிக்க மனம் வராது. அந்தத் தற்காலிகக் குரலைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அதுவே அந்தப் பாத்திரம் ஆகியிருக்கும்.

இப்படி வந்த குரல்களை எண்ணிப் பார்க்கிறேன். தொடக்கத்திலேயே வால்ட் டிஸ்னி இருக்கிறார். 1920-களின் கடைசியிலிருந்து 1940-களின் நடுப்பகுதி வரை மிக்கி மவுஸ் பேசியது அவருடைய தொண்டையில்தான். பிக்ஸாரில் ‘எ பக்ஸ் லைஃப்’ படத்தின் கொழுத்த கம்பளிப்புழு ஹைம்லிக்குக்குப் பேசியவர் கதைப் பிரிவின் பெருங்கலைஞர் ஜோ ரான்ஃப்ட். 2005-இல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். ‘ஃபைண்டிங் நீமோ’வில் நீரோட்டத்தில் சறுக்கிப் போகும் ஆமை கிரஷ்ஷுக்குப் பேசியவர் படத்தின் இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். ‘தி இன்கிரெடிபில்ஸ்’ஸில் உடை வடிவமைப்பாளர் எட்னா மோடுக்கு இயக்குநர் பிராட் பேர்ட். ‘அப்’ படத்தின் நாய் டக்குக்கு இணை இயக்குநர் பாப் பீட்டர்சன். இவை ஒவ்வொன்றையும் நான் நேசிக்கிறேன். ஆனாலும் இவர்களில் பெரும்பாலோர் குரல் கொடுத்த பாத்திரங்கள் சரளமாகப் பேசுபவை. சாண்டர்ஸ் வேறு திசையில் போனவர். அவர் குரல் கொடுத்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், பேசத் தெரியாதவையோ அரைகுறையாகப் பேசுபவையோதான் அதிகம்.

1998-இல் வந்த ‘முலான்’ படத்தின் கதைப் பிரிவுத் தலைவர்களில் அவரும் டெப்லுவாவும் இருந்தார்கள். இருவரும் நெருங்கியது அங்கேதான். அந்தப் படத்தில் முலானின் வீட்டு நாய்க்குட்டிக்குக் குரைத்தவர் சாண்டர்ஸ். ஒரு சொல் கிடையாது. காலையில் எலும்பைத் துரத்திக்கொண்டு ஓடிக் கோழிகளுக்குத் தீனி இறைக்கும் அந்த நாயின் மூச்சிரைப்பும் குரைப்பும்தான். பெயர்ப் பட்டியலில் ஒரு வரி என்று கடந்துபோகலாம். எனக்கு அது அவருடைய குரல் வாழ்க்கையின் முதல் பாடம்.

‘முலான்’ பெரும்பாலும் ஃபுளோரிடாவில், ஆர்லண்டோ அருகே டிஸ்னி நடத்திய ஸ்டூடியோவில் உருவானது. சுற்றுலாப் பயணிகள் கண்ணாடி வழியாக ஓவியர்கள் வரைவதைப் பார்த்துக்கொண்டே நடந்துபோகும்படி கட்டப்பட்ட இடம். தலைமையகம் இருந்த பர்பேங்க், நாட்டின் மறுகோடியில். ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’சும் இங்கேதான் வளர்ந்தது. தலைமைப் பொறுப்பில் இருந்த தாமஸ் ஷூமாக்கர், உனக்கென்று செய்ய ஆசைப்படும் கதை ஏதாவது உண்டா என்று கேட்டபோது, சாண்டர்ஸ் பழைய காட்டுப் பிராணியை வெளியே எடுத்தார். மிருகங்களுக்கு நடுவே இருப்பதைவிட மனிதர்களுக்கு நடுவே அது வந்து விழுந்தால் இன்னும் அந்நியமாகும் என்ற யோசனை பிறந்தது. முதலில் கான்சாஸின் கிராமப்புறம் என்று இருந்த கதைக்களம் பிறகு ஹவாயின் கவாய் தீவுக்கு மாறியது. செலவைக் கட்டுக்குள் வைத்து, 1941-இல் ‘டம்போ’ வந்ததுபோலச் சிறிய, உணர்ச்சி நிறைந்த படமாகச் செய்வது என்பது திட்டம். ஏறக்குறைய 8 கோடி டாலரில் முடித்தார்கள்.

அந்தப் படத்தின் பின்னணிகளைப் பற்றி எங்கள் ஸ்டூடியோவில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். டிஸ்னியின் முழுநீளப் படங்களில் பல பத்தாண்டுகளாக வழக்கொழிந்திருந்த நீர்வண்ணத்தை மறுபடி கற்றுக்கொண்டு வரைந்தார்கள். நீர்வண்ணத்தில் தவறினால் மேலே பூசி மறைக்க வழியில்லை. முதலிலிருந்து வரைய வேண்டும். ஓவியர்கள் அதற்கென்றே பயிற்சி எடுத்தார்கள். உருவங்களும் சாண்டர்ஸின் கை போகும் வழியிலேயே போயின. உருண்டை மூக்கு, தடித்த பாதம், கூர்மையே இல்லாத கோடு. டிஸ்னியில் ஒரு தனி ஓவியரின் பாணிக்கு ஒரு முழுப் படமும் வளைந்துகொடுப்பது அரிது. ஸ்கார், ஜாஃபர் போன்ற வில்லன்களை வரைந்த ஆண்ட்ரியாஸ் தேயா இதில் சிறுமி லிலோவை வரைந்தார். ஸ்டிட்ச்சை அசைத்தவர் அலெக்ஸ் குபர்ஷ்மிட். சாண்டர்ஸின் தொண்டைக்கு உடம்பு கொடுத்தவர் அவர்.

ஸ்டிட்ச் முதலில் பேசாத பிராணியாகவே இருந்தது. பிறகு கதைக்கு அங்கங்கே சில சொற்கள் தேவைப்பட்டன. சில சொற்களுக்காக வெளியே நடிகரைத் தேடுவதைவிட சாண்டர்ஸே பேசிவிடலாம் என்றாயிற்று. அவர் நண்பர்களை வம்புக்கு இழுக்க வைத்திருந்த ஒரு கரகரப்புக் குரல் கைவசம் இருந்தது. விளையாட்டாக வந்த குரல் படத்தின் இதயமாகிவிட்டது.

நான் அடிக்கடி திரும்பிப் போகும் காட்சி ஒன்று அதில் உண்டு. இரவில், காட்டில், ஸ்டிட்ச் தனியாக உட்கார்ந்திருக்கும். கையில் அசிங்கமான வாத்துக்குஞ்சின் கதைப் புத்தகம். தன் கூட்டத்தைத் தொலைத்துவிட்டு அழும் குஞ்சின் படத்தைத் திறந்துவைத்து, நானும் தொலைந்துபோனேன் என்று பொருள்படும் சொல்லை மெல்லச் சொல்லும். அந்தச் சொல்லில் நடிப்பே இல்லை. மொழி போதாத ஒரு உயிர் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை எடுத்து, சரியாக இருக்குமா என்று பார்த்துக்கொண்டே வெளியே வைக்கிறது. 1985-இல் யாரும் அண்டவிடாத அந்தக் காட்டுப் பிராணியும், கதை மாறி ஊர் மாறி வந்தும், காட்டிலேதான் உட்கார்ந்திருக்கிறது. அதை உருவாக்கியவரைத் தவிர வேறு யார் அப்படிப் பேசியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்களின் குரலையும் சாண்டர்ஸும் டெப்லுவாவும் அதே மரியாதையோடு கேட்டார்கள். பெற்றோரை இழந்த தங்கை லிலோவை வளர்க்கும் அக்கா நானிக்குப் பேசிய டியா கரேரா ஹவாயில் பிறந்தவர். நானியின் நண்பன் டேவிடுக்குப் பேசிய ஜேசன் ஸ்காட் லீ ஹவாயில் வளர்ந்தவர். வசனங்களை அந்த மண்ணின் பேச்சுக்கு மாற்ற இருவரும் உதவினார்கள். அக்காவும் தங்கையும் கத்திச் சண்டை போட்டுவிட்டுத் தனித்தனி அறையில் தலையணையில் முகம் புதைத்துக் கதறும் காட்சியைப் பார்த்தால், டிஸ்னி படத்தில் இப்படி ஒரு வீடு அதற்கு முன் வந்ததே இல்லை என்று தோன்றும். கடைசிக் கட்டத்தில் ஒரு பெரிய சோதனை வந்தது. உச்சக்காட்சியில் ஸ்டிட்ச் கூட்டம் ஒரு போயிங் 747 விமானத்தைக் கடத்தி நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே ஓட்டுவதாக இருந்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அதை வைத்திருக்க முடியாது. விமானத்தை விண்கலமாக்கி, கட்டடங்களை மலைகளாக்கி அந்தப் பகுதியை மாற்றினார்கள்.

படம் வென்றது. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’யிடம் தோற்றது. அதில் எந்த வருத்தத்துக்கும் இடமில்லை. ஆனால் 2004 தொடக்கத்தில் ஃபுளோரிடா ஸ்டூடியோவே மூடப்பட்டது. எக்ஸ்-ஷீட் குறித்த கைகளும் நீர்வண்ணம் கற்ற கைகளும் கலைந்துபோயின. அந்தச் செய்தி வந்த காலத்தில் எங்கள் ஊரிலும் லைட் பாக்ஸ்கள் ஒவ்வொன்றாக மேசையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. என்னோடு வரைந்தவர்களில் பலர் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். சிலர் வேறு தொழிலுக்கே போய்விட்டார்கள்.

சாண்டர்ஸுக்கு அடுத்து வந்தது கடுமையான காலம். ‘அமெரிக்கன் டாக்’ என்று ஒரு கதை வைத்திருந்தார். ஹென்றி என்ற தொலைக்காட்சி நட்சத்திர நாய், நெவாடா பாலைவனத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறது. 2006-இல் டிஸ்னி பிக்ஸாரை வாங்கிய பிறகு தலைமைக்கு வந்த ஜான் லாசட்டருக்கு அந்தக் கதை போகும் வழி பிடிக்கவில்லை. சாண்டர்ஸ் படத்திலிருந்து நீக்கப்பட்டார். கதை முற்றிலும் மாறி 2008-இல் ‘போல்ட்’ என்று வேறு இயக்குநர்கள் கையில் வெளிவந்தது. அவர் 2007-இல் டிரீம்வொர்க்ஸுக்குப் போனார். பாத்திரங்கள் நிறுவனத்தின் சொத்து. ஸ்டிட்ச்சின் படம், பெயர், பொம்மை, சட்டையில் அச்சிடும் உரிமை எல்லாம் டிஸ்னியிடமே இருந்தன. தொடர்ச்சிப் படங்களிலும் 2003 முதல் 2006 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரிலும் அவர்தான் ஸ்டிட்ச்சாகப் பேசியிருந்தார். பிறகு ஜப்பானில் தயாரான புதிய தொடரின் ஆங்கில வடிவத்தில் பேசியவர் வேறொருவர். வரைந்தவன் வேறு வீட்டுக்குப் போய்விட்டான். பிள்ளை பழைய வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தது.

புதிய இடத்தில் ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ அவரிடமும் டெப்லுவாவிடமும் வந்தபோது வெளியீட்டுக்கு ஒன்றரை ஆண்டுகூட மீதமில்லை. கிரெஸிடா கோவெல் எழுதிய புத்தகத்தில் டூத்லெஸ் ஒரு குட்டி டிராகன். இவர்கள் அதைச் சிறுவன் ஏறிப் பறக்கக்கூடிய கருநிறப் பெருவிலங்காக்கினார்கள். அகன்ற வாயையும் பெரிய கண்களையும் பார்த்தவுடன் ஸ்டிட்ச்சின் உறவு என்று கண்டுகொள்ளலாம். அதற்கு வசனம் இல்லை. ஒலி வடிவமைப்பாளர் ராண்டி தாம் பல மிருகங்களின் ஒலிகளைக் கலந்து அதற்கு ஒரு மூச்சையும் முனகலையும் செய்து கொடுத்தார். சிறுவன் ஹிக்கப் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, டிராகன் தானாக வந்து தொடட்டும் என்று காத்து நிற்கும் இடத்தில் படம் ஒரு சொல்கூடப் பேசாது. 2010-இல் அதை அரங்கில் பார்த்தபோது, “சும்மா உறுமேன்” என்று சொன்ன எங்கள் மூத்தவரின் குரல் காதில் கேட்டது. உறுமலில் ஒரு முழு உறவையும் சொல்லிவிட முடியும் என்று அவர் நம்பியிருந்தார்.

2013-இல் ‘தி குரூட்ஸ்’. கிர்க் டிமிக்கோவோடு சேர்ந்து இயக்கினார். அதில் ஒரு இளைஞனின் இடுப்பில் கச்சை மாதிரி தொங்கும் ஸ்லாத் ஒன்று உண்டு, பெயரே பெல்ட். அதற்குக் குரல் சாண்டர்ஸ். திடுக்கிடும் திருப்பம் வரும்போதெல்லாம் வாய்த்தாளம் போட்டுக் கூவும், அவ்வளவுதான். 2020-இல் ஹாரிசன் ஃபோர்டை வைத்து ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ எடுத்தபோதும் மையத்தில் நின்றது பேசாத நாய்தான். குட்டி நாயின் குரைப்பில் தொடங்கியவர், இயக்குநராக எங்கே போனாலும், சொல் குறைந்த உயிரின் பக்கத்திலேயே போய் நின்றார்.

2024-இல் ‘தி வைல்ட் ரோபோ’. பீட்டர் பிரவுனின் நாவலிலிருந்து எடுத்தது. ஆளில்லாத தீவில் கரையொதுங்கும் ரோஸ் என்ற இயந்திரம், ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து மிருகங்களின் ஒலிகளை நாள்கணக்கில் கேட்டுக்கேட்டு அவற்றின் பேச்சைக் கற்றுக்கொள்கிறது. பிறகு ஒரு அனாதை வாத்துக்குஞ்சுக்குத் தாயாகிறது. ரோஸுக்குக் குரல் கொடுத்த லுபிடா நியோங்கோ முதலில் பளபளப்பான விற்பனைக் குரலில் பேசி, படம் நகர நகர அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனிவைச் சேர்க்கிறார். கம்ப்யூட்டரில் செய்த படம்தான். ஆனால் இலையும் பாறையும் தூரிகை பட்ட தடத்தோடு இருக்கும். ‘பாம்பி’க்காக டைரஸ் வோங் தீட்டிய காடுகளின் பாதிப்பைச் சாண்டர்ஸே சொல்லியிருக்கிறார். நீர்வண்ணத்தை மறுபடி கற்ற அந்த ஃபுளோரிடா நாட்கள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. படம் மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது.

2025 மே மாதம் ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ உண்மை நடிகர்களை வைத்து மறுபடி வந்தது. இயக்கியவர் வேறொருவர். ஸ்டிட்ச்சுக்குப் பேச மட்டும் சாண்டர்ஸை அழைத்தார்கள். சில வாரங்களிலேயே, ஜூனில், டெப்லுவா இயக்கிய உண்மை நடிகர்களின் ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ வந்தது. ஒரு காலத்தில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்த இரண்டு படங்கள் ஒரே கோடையில் மறுபிறவி எடுத்தன. ‘லிலோ’ உலகமெங்கும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வரைந்தவர் கை அதில் இல்லை. கதையின் சில முடிச்சுகளும் மாறியிருந்தன. குரல் மட்டும் பழைய இடத்திலிருந்தே வந்தது. அறுபதைத் தாண்டியவரின் தொண்டை என்று சொன்னால்தான் தெரியும்.

இதை எல்லாம் சேர்த்து நினைக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகிறது. ஒரு பாத்திரத்தின் உரிமையைப் பத்திரத்தில் எழுதி வாங்கலாம், கோடு போகும் விதத்தை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம், கதையை மாற்றலாம். அந்தப் பாத்திரம் எதற்குப் பயப்படும், எந்தச் சொல்லில் தடுக்கும், எங்கே சொல்லை விட்டுவிட்டு வெறுமனே முனகும் என்பது அதை முதலில் தன் வாயால் பேசிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். சாண்டர்ஸ் இயக்கத்தையும் குரலையும் இரண்டு தொழிலாகச் செய்ததாக நான் நினைக்கவில்லை. பலகை முன்னால் நின்று எல்லா உயிராகவும் பேசிக் காட்டிய அந்த ஒரே செயலைத்தான் வாழ்நாள் முழுவதும் செய்துவருகிறார். இன்று என்னிடம் ஸ்டோரிபோர்டு காட்ட வருகிற இளைஞர்களிடம் முதலில் எழுந்து நிற்கச் சொல்கிறேன். பிறகு, உங்கள் கதையில் மிகக் குறைவாகப் பேசும் பாத்திரம் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள், அதற்கு நீங்களே குரல் கொடுங்கள் என்கிறேன். நிறைய பேசுகிற பாத்திரத்தை வசனம் காப்பாற்றிவிடும். பேச முடியாததைக் காப்பாற்ற வேண்டியது இயக்குநர்.